கவிழ்த்துக் காட்டாத குடம்

மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்துக் கோவில்களில் திருவுளச்சீட்டுப் போடும்போது ஒரு வழக்கம் உண்டு. சீட்டுகளைக் குடத்தில் இடுவதற்கு முன் பூசாரி அந்தக் குடத்தைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். கூட்டத்தின் நான்கு பக்கமும் திரும்பி, குடத்தின் வாயைக் கீழே பிடித்து, அடியில் இரண்டு தட்டுத் தட்ட வேண்டும். அவர் தட்ட மறந்தால் பின்வரிசையிலிருந்து ஒரு பெண், “தட்டுங்க சாமி, அடியில பல்லி ஒட்டிக்கிட்டு இருக்கப் போவுது” என்று குரல் கொடுப்பாள். எல்லோரும் சிரிப்பார்கள். ஆனால் தட்டும்வரை ஒருவரும் தன் சீட்டைக் கொடுக்கமாட்டார்.

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்கும் சிரிப்புத்தான் வந்தது. அப்புத்தளைக்கும் ஹல்துமுல்லைக்கும் இடையில் உள்ள ஒரு தோட்டத்தில் வீடுகளைப் பங்கிடுவதற்காக நான் ஒரு குலுக்கல் நடத்தினேன். குடத்தில் அல்ல, கணினியில். அந்தக் குலுக்கலைப் பற்றியும், அதன் பிறகு ஒரு பெண்பிள்ளைக்கு நான் செய்ததைப் பற்றியும் எழுதுகிறேன். அவளுடைய பெயரை எழுதாதது அவளுக்காக. என்னுடைய பெயரை எழுதாததற்குக் காரணம் வெட்கம்தான்.

நான் வடக்கில் பிறந்தவன். இளவயதில் பௌதிகவியல் ஆசிரியனாகப் பதுளைக்கு வந்து, இங்கேயே குடும்பமாகி, இங்கேயே ஓய்வு பெற்றேன். தோட்டத்து மக்களுக்கு நான் எப்போதும் ‘யாழ்ப்பாணத்து சேர்’. பொலிசாருக்கும் நான் யாழ்ப்பாணத்து மாஸ்டர்தான். இரு தரப்பும் அந்தச் சொல்லைச் சொல்லும் தொனியில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை.

எங்கள் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஒரு கைகர் எண்ணி இருந்தது. எந்த நாட்டு நன்கொடை என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. கையடக்கமான ஒரு தகரப் பெட்டி. கதிர்வீச்சு பட்டால் ‘டிக்’ என்று ஒலிக்கும். கதிர்த்தொழிற்பாடு என்ற பாடம் வரும்போது பெற்றோமக்ஸ் விளக்கில் கட்டும் வெள்ளை வலை ஒன்றைக் கடையில் வாங்கி அதன் முன்னால் வைப்பேன். அந்தக் காலத்து வலைகளில் தோரியம் கலந்திருக்கும். வகுப்பை மூச்சுக் காட்டாமல் இருக்கச் சொல்லிவிட்டுப் பெட்டியை இயக்குவேன்.

டிக். பிறகு ஒன்றுமில்லை. பிறகு டிக்டிக்டிக்டிக் என்று ஒரே கொட்டு. பிறகு நீண்ட மௌனம்.

“அடுத்த டிக் எப்ப வரும் எண்டு ஆராலையும் சொல்ல ஏலாது. கடவுளுக்குத் தெரியுமோ எண்டு எனக்குத் தெரியாது. பௌதிகவியலுக்குத் தெரியாது” என்பேன்.

ஒரு வருடம், தொண்ணூறுகளின் நடுவில், முதல் வரிசை வாங்குப் பலகையில் இருந்த ஒரு பிள்ளை சொன்னாள்: “சேர், மழை ஆரம்பிக்கையில தகரத்துல விழுற மாதிரியே இருக்கு.”

பின்னால் இருந்து ஒருவன், “அவங்க லயத்துத் தகரத்துல ஓட்டை சேர், அதான் நல்லாத் தெரியுது” என்றான்.

“ஒங்க வீட்டுல தகரமே இல்லையே, ஒனக்கு எப்படிடா தெரியும்?” என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னாள்.

அவள்தான் அந்தப் பிள்ளை. தாய் கொழுந்து பறிப்பவள், தகப்பன் இல்லை. அந்தத் தோட்டத்திலிருந்து உயர்தர வகுப்பில் கணிதம் படிக்க வந்த முதல் பெண். பதுளைக் கடைவீதியில் ஒரு வியாபாரக் குடும்பத்தின் வீட்டில் தங்கி, அவர்களின் சிறுபிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துக்கொண்டு படித்தாள்.

அந்தப் பாடத்தின்போது நான் ஒரு விளையாட்டுக் காட்டுவதுண்டு. வகுப்பில் பாதிப் பேர் நாணயத்தைச் சுண்டித் தலையா பூவா என்று வந்தபடி எழுத வேண்டும். மற்றப் பாதி சுண்டாமலே, சுண்டியதுபோல மனத்தால் எழுத வேண்டும். நான் வெளியே போய் நின்றுவிட்டு வந்து, தாள்களைப் பார்த்து எது மெய், எது பொய் என்று பிரித்துவிடுவேன். அநேகமாகத் தவறாது. “சேர் மந்திரம் பண்றாரு” என்பார்கள்.

தந்திரத்தை அவள்தான் கண்டுபிடித்தாள். “பொய் எழுதுறவங்களுக்குப் பயம் சேர். தலை தலைன்னு நாலு தரம் எழுதிட்டா, யாரும் நம்பமாட்டாங்கன்னு அஞ்சாவதாப் பூவைப் போட்டுடுறாங்க. நெசமாச் சுண்டினவங்க தாள்ல தலை தலையா ஏழு தரம்கூட வருது.”

“அதுதான் பிள்ளை. எழுமாறா, தற்செயலா நடக்கிறது சீரா நடக்காது. கும்பலாத்தான் வரும். சீராத் தெரிஞ்சா அங்கை ஒரு கை வேலை செய்திருக்குது எண்டு சந்தேகப்படவேணும்” என்றேன். கரும்பலகையிலும் எழுதினேன். அவள் அதைக் கொப்பியில் எழுதியதைப் பார்த்தேன்.

அதே வருடம் அந்தப் பெட்டி பழுதடைந்தது. பண்டாரவளையில் வானொலி திருத்துபவர் ஒருவரிடம் கொடுத்துச் சரிசெய்து, பையில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தேன். வழியில் சோதனைச்சாவடி. பையைத் திறந்த பொலிஸ்காரர், “மேக்க மொக்கத?” என்றார். இது என்ன என்று சிங்களத்தில் கேட்கிறார். பாடசாலைக் கருவி என்று சொன்னேன். நம்பாத முகம். நம்ப வைப்பதற்காக நான் செய்த முட்டாள்தனம், அதை இயக்கிக் காட்டியது. சூழலில் இருக்கும் சாதாரணக் கதிர்வீச்சுக்கே அது அவ்வப்போது ஒலிக்கும். ‘டிக்’ என்றது. பஸ்ஸில் இருந்தவர்கள் கதவாலும் யன்னலாலும் இறங்கினார்கள். நான் எதை விளக்கினாலும் நிலைமை மோசமானது. கதிர்வீச்சு என்ற சொல் எந்த மொழியிலும் ஒரு சோதனைச்சாவடியில் சொல்லத்தக்கது அல்ல.

மாலை அதிபர் வந்து, பாடசாலைப் பொருள்தான் என்று உறுதி கூறும்வரை பொலிஸ் நிலையத்து வாங்கில் இருந்தேன். விடும்போது அங்கிருந்த பொறுப்பதிகாரி தமிழில் சொன்னார்: “மாஸ்டர், உள்ளுக்கு என்ன இருக்குன்னு எங்களுக்குத் தெரியாத பெட்டியத் தூக்கிட்டுத் திரிஞ்சா, நாங்க என்ன நினைக்கிறது?”

அந்தக் கேள்விக்காக அவர்மேல் பல வருடம் கோபமாக இருந்தேன். இப்போது யோசித்தால், என் வாழ்நாளில் என்னிடம் கேட்கப்பட்ட நியாயமான கேள்விகளில் அதுவும் ஒன்று.

ஓய்வு பெற்ற பின் கணினி பழகினேன். கடைவீதியில் ஒரு மேல்மாடி அறையில் இரண்டு பழைய கணினிகளை வைத்து வகுப்பு நடத்தினேன். சில புள்ளிகளால் பல்கலைக்கழகத்தைத் தவறவிட்டிருந்த அவள் அங்கேயும் வந்தாள். ‘பேசிக்’ என்ற கணினி மொழியில் நிரல் எழுதப் படிப்பித்தேன். நிரல் என்பது கணினிக்கு நாம் வரிவரியாகக் கொடுக்கும் கட்டளைகள். அவள் அதை எழுதுவதைவிட வாசிப்பதில் கெட்டிக்காரி. என்னுடைய நிரலில் பிழை இருந்தால் விரலை வைத்துவிடுவாள். பிறகு மலைநாட்டு அலுவலகம் ஒன்றில் கணினி இயக்குநர் வேலை கிடைத்து ஊர்ப்பக்கம் போனாள். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்த முதல் ஆள் அந்த லயத்தில் அவள்தான்.

போர் சற்று ஓய்ந்து சமாதானப் பேச்சு நடந்துகொண்டிருந்த காலம் அது. அவளுடைய தோட்டத்துக்கு ஒரு வீட்டுத்திட்டம் வந்தது. லயம் என்றால் வெள்ளைக்காரன் காலத்து நீண்ட கட்டடம், ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா என்ற ஒற்றை அறை, அடுத்த வீட்டுக்காரன் இருமினால் உன் சுவர் இருமும். வீடு என்றால் நாலு சுவரும் உன்னுடையது, சுற்றிவர ஏழு பேர்ச் நிலமும் உன்னுடையது. கேட்ட குடும்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவானோருக்கே வீடு இருந்தது. மக்கள் வழக்கம்போலக் கோவிலில் சீட்டுப் போடச் சொன்னார்கள்.

அவள் வேலை செய்த அலுவலகத்தின் அதிகாரி என்னைத் தேடி வந்தார். “கோவில்ல குடத்த வச்சிக்கிட்டுப் பொழுதெல்லாம் நிப்பாங்க மாஸ்டர். நாம கம்ப்யூட்டர்ல போட்டுருவோம். கம்ப்யூட்டர்னா எவனும் வாயத் தொறக்கமாட்டான்.”

வாயை மூடவைப்பதற்குத்தான் அவர் கணினியைக் கேட்கிறார் என்று அப்போது எனக்குப் படவில்லை. பெருமையாக இருந்தது.

நிரலை நானே எழுதினேன். கணினிக்கு உண்மையில் தற்செயல் தெரியாது. ஒரு தொடக்க எண்ணைக் கொடுத்தால், அதிலிருந்து பெருக்கிக் கூட்டி ஒழுங்கில்லாததுபோல் தோன்றும் எண்களைத் தந்துகொண்டே போகும். அதே தொடக்க எண்ணைத் திரும்பக் கொடுத்தால் அதே எண்கள் அதே வரிசையில் திரும்ப வரும். ஆகவே தொடக்க எண்ணை யாரும் முன்கூட்டி அறிய முடியாதபடி, விசையை அழுத்தும் கணத்தில் கணினியின் கடிகாரம் காட்டும் நேரத்தையே, நொடியின் பின்னம் வரை, எடுக்கச் செய்தேன். அந்த எண் முடிவுத் தாளின் உச்சியில் அச்சாகும்படியும் எழுதினேன். அது ஆய்வுகூடப் பழக்கம். பரிசோதனை என்றால் இன்னொருவர் அதைத் திரும்பச் செய்து பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

பெயர்களை அவள் தட்டச்சுச் செய்தாள். அதற்கு முதல்நாள் தொலைபேசியில் கேட்டாள்: “சேர், பேருங்கள லயம் லயமா டைப் பண்ணவா, கலைச்சு விட்டுப் பண்ணவா?”

“எப்பிடி அடிச்சாலும் ஒண்டுதான் பிள்ளை” என்றேன். அது உண்மை.

கோவில் முன்றிலில் மேசை போட்டு, தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து வயர் இழுத்துக் கணினியை வைத்தோம். பனி மூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. நான் ஒலிவாங்கியைப் பிடித்து, அணுக்களைப் பற்றியும் தற்செயலைப் பற்றியும் பேசத் தொடங்கினேன்.

“அணுகுண்டுங்களா சேர்?” என்றார் ஒரு கிழவர்.

சிரிப்பு அடங்கும் முன் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் கேட்டாள். மேல் லயத்துக்காரி, வாய்க்காரி என்று பெயர் எடுத்தவள். “அதெல்லாம் சரிங்க சேர். மொதல்ல பொட்டியக் கவுத்துக் காட்டுங்க!”

“இதைக் கவிழ்த்தா வயர்தான் கழரும்” என்றேன். மறுபடியும் சிரித்தார்கள். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன். கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை.

“சீட்டுன்னா கண்ணால பாப்போம். இதுல என்னத்தப் பாக்கிறது?”

“கண்ணை நம்பாதேங்கோ. விஞ்ஞானத்தை நம்புங்கோ” என்றேன்.

விசையை அழுத்தப் பூசாரியை அழைத்தோம். அவர் விபூதிக் கையை வேட்டியில் துடைத்தார். சாமி இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தார். அழுத்தினார். அவர் கையைத் துடைத்த அந்தத் தாமதம்தான் தொடக்க எண்ணைத் தீர்மானித்தது. அந்தத் தோட்டத்தின் தலைவிதி அவ்வளவுதான்.

பெயர்கள் ஒவ்வொன்றாக வந்தன. வாசிக்க வாசிக்க ஆட்கள் லயம் லயமாக விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்கள். ஆற்றோரத்துக் கீழ் லயத்தில் பன்னிரண்டு காம்பராக்கள். அதில் ஏழுக்கு வீடு கிடைத்திருந்தது. ஏழில் ஐந்து ஒட்டி ஒட்டி இருந்தன. மேல் லயத்துக்கு ஒன்றுகூட இல்லை. கீழ் லயத்து ஏழில் ஒன்று என் மாணவியுடைய தாயின் காம்பரா.

“டைப் அடிச்சது யாரு? அந்த லயத்துப் பொண்ணுதானே!” என்றது ஒரு குரல்.

“அவளுக்குப் படிச்சுக் குடுத்தது யாரு? யாழ்ப்பாணத்து சேருதானே!” என்றது இன்னொன்று.

முதல் குரல் என் காதில் விழுந்தது. இரண்டாவதைக் கேட்டதும் கணினியின் வயரைக் கழற்றத் தொடங்கினேன்.

இரண்டு நாள் கழித்து அலுவலகத்தில் விசாரணை. அதிகாரி, தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர், நான் ஆகிய மூவரும் கதிரைகளில் இருந்தோம். அவள் நின்றாள். தொடங்கும் முன் அதிகாரி என் காதோடு சொன்னார்: “மேலேருந்து கேக்கிறாங்க மாஸ்டர், இதுக்கு ஏன் வடக்கு ஆள் ஒருத்தரக் கூப்பிட்டீங்கன்னு.” பிறகு எல்லோருக்கும் கேட்கக் கேட்டார்: “சொல்லுங்க, இது தற்செயலா நடக்குமா?”

நடக்கும் என்று சொல்ல வேண்டும். தற்செயல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று சொல்ல வேண்டும். பல ஆண்டுகளாக நான் படிப்பித்த பாடம் அது. எனக்கு அந்த நேரம் தெரிந்தது பொலிஸ் நிலையத்து வாங்குதான்.

“வழமையா இப்பிடி நடக்கிறதில்லை” என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். “சேர், நீங்கதானே சொன்னீங்க? நெசமாச் சுண்டினா தலை தலையாத்தான் வரும்னு? நடுவுல பூவைப் போடுறவன்தான் பொய்யன்னு?”

“என்னம்மா, தலை பூவுன்னுக்கிட்டு? இது என்ன சடங்கு வீடா?” என்றார் தலைவர். அதிகாரி சிரித்தார்.

“அது வேறை, இது வேறை” என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என்மேல் விழுந்த சந்தேகத்தை இறக்கி வைக்க ஓர் இடம் தேவைப்பட்டது. “பேருகளைக் கலைச்சு அடிக்கவோ எண்டு இந்தப் பிள்ளை முதல்நாள் என்னட்டைக் கேட்டது” என்றேன்.

அதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. பெயர்களை எப்படி அடித்தாலும் முடிவு யாருக்கும் சாதகமாகாது என்று நானே அவளுக்குச் சொன்ன பதிலை மட்டும் விட்டுவிட்டேன்.

“கேட்டேன்தான். வேலையச் சரியாச் செய்யணும்னுதான் கேட்டேன்” என்றாள். குரல் உயரவில்லை.

விசாரணை முடியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். அந்த விசாரணை இன்றுவரை முடியவில்லை.

அவளை நான் உண்மையிலேயே சந்தேகித்தேனா என்று பல தடவை என்னைக் கேட்டிருக்கிறேன். வாயைத் திறந்தபோது சந்தேகிக்கவில்லை. பதுளைக்கு ரயில் வந்து சேர்வதற்குள் சந்தேகித்துவிட்டேன். தாய் பெயரும் வந்திருக்கிறதே, கணினி அவள் கையில் தனியாக இருந்ததே, நிரல் வாசிக்கத் தெரிந்தவளாயிற்றே என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. நான் சொன்னது சரியாகிவிட வேண்டும் என்பதற்காக, நம்பிக்கை பின்னால் ஓடி வந்து சேர்ந்துகொண்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம், அவள் எங்கே கை வைத்தாள் என்று கண்டுபிடிக்கலாம் என உட்கார்ந்தேன். நிரலும் பெயர்களும் அடங்கிய ‘ஃப்ளொப்பி’ நெகிழ்தட்டின் பிரதி என்னிடம் இருந்தது. முடிவுத் தாளின் உச்சியில் இருந்த எண்ணைத் தொடக்க எண்ணாகக் கொடுத்து இயக்கினேன். பெயர்கள் வந்தன. அதே பெயர்கள், அதே வரிசை. கீழ் லயத்து ஏழும் அப்படியே. பூசாரி அழுத்திய கணத்தில் கணினி எதைக் கொடுத்ததோ அதுதான் வாசிக்கப்பட்டிருந்தது. ஒருவரும் எதிலும் கை வைக்கவில்லை. பிறகு தாளில் கணக்குப் போட்டேன். அத்தனை லயங்கள் இருக்கும் தோட்டத்தில் ஏதோ ஒரு லயத்துக்கு இப்படி அள்ளிக் கொடுப்பது ஆச்சரியமே இல்லை.

மனைவி தேநீர் கொண்டுவந்தாள். “என்ன, பேயைக் கண்டவர் மாதிரி இருக்கிறியள்?”

“ஒண்டுமில்லை” என்றேன்.

குடம் என் கையில் இருந்தது. அடுத்த ரயிலில் போய், அதே முன்றிலில் கணினியை வைத்து, அந்த எண்ணைப் பூசாரியையே அழுத்தச் சொல்லி, மக்கள் கண்முன் எத்தனை தடவையும் அதே பெயர்களை வரவழைத்திருக்கலாம். நாலு பக்கமும் திருப்பி இரண்டு தட்டுத் தட்டுவது போன்றதுதான் அது. அப்படிச் செய்தால், பின் ஏன் விசாரணையில் அவ்வாறு சொன்னாய் என்று கேட்பார்கள். நான் போகவில்லை.

மறுநாள் அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். “ரெண்டாந்தரம் போடப் போறோம் மாஸ்டர். இந்தத் தடவ பாக்கிறதுக்கு நியாயமா இருக்கணும்.”

“பார்க்கிறதுக்கு எண்டா?”

“வித்தியாசம் என்ன? எல்லா லயத்துக்கும் கொஞ்சம் கொஞ்சம். ஒட்டி ஒட்டி வரக்கூடாது.” கொஞ்சம் நிறுத்தி, “அந்தப் புள்ள வீட்டுப் பேரும் இந்தத் தடவ வராம இருந்தா எல்லாருக்கும் நல்லது” என்றார்.

முந்திய முடிவு நேர்மையானது என்று அப்போது அவரிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நிரலைத் திருத்தினேன். லயத்துக்கு இத்தனை என்று பங்கு வைத்தேன். பக்கத்துப் பக்கத்துக் காம்பராக்கள் வந்தால் இரண்டாவதைத் தள்ளச் செய்தேன். பிறகு ஒரு வரி சேர்த்தேன். வருவது அவள் தாயின் இலக்கமாக இருந்தால் அதை விட்டுவிட்டு அடுத்ததை எடு என்ற வரி. ஒரே வரி.

இரண்டாவது குலுக்கலுக்குப் பெரிய கூட்டம். பூசாரி அழுத்தினார். எல்லா லயத்துக்கும் இரண்டு மூன்று என்று அழகாகப் பரவி வந்தது. நாணயத்தைச் சுண்டாமல் மனத்தால் எழுதிய தாளைப் போலவே இருந்தது. கை தட்டினார்கள்.

“இப்பத்தான் நல்லாக் கலந்து வந்திருக்கு!”

“ஆத்தா கண்ணத் தொறந்துட்டா.”

பெட்டியைக் கவிழ்த்துக் காட்டச் சொன்ன மேல் லயத்துக்காரிக்கும் இந்தத் தடவை வீடு விழுந்தது. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

கூட்டம் கலையத் தொடங்கியபோது அந்தப் பிள்ளை மேசைக்கு வந்தாள். “சேர், அந்த நிரல ஒருக்கா ஸ்கிரீன்ல போட்டுக் காட்டுங்க. எனக்கு வாசிக்கத் தெரியும்.”

அந்த முன்றிலில் அதை வாசிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவள்தான். தெரியவைத்தவன் நான். நெகிழ்தட்டைக் கணினியிலிருந்து எடுத்துச் சட்டைப்பையில் போட்டேன்.

“இது அரசாங்கத்தின்ரை ஆவணம். ஆருக்கும் காட்ட ஏலாது.”

“அதான் சேரு சொல்லிட்டாருல்ல” என்றார் தலைவர். “குடத்துக்குள்ள தலைய விட்டா பாப்பாங்க? போம்மா.”

நின்றவர்கள் சிரித்தார்கள். மேல் லயத்துக்காரியும் சிரித்தாள்.

அந்தப் பிள்ளை கொழும்புக்குப் போய்விட்டாள் என்று பதுளைக் கடைக்காரக் குடும்பத்தின் மூலம் அறிந்தேன். துணிக்கடை ஒன்றில் விற்பனைப் பெண்ணாக இருந்தாள். அந்தத் தோட்டத்துப் பெயருடன் கணினி வேலைக்குப் போனால் பழைய இடத்தில் விசாரிப்பார்கள், விசாரித்தால் கதை வரும்.

எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எதையும் நம்ப முடியவில்லை. பரீட்சை முடிவுகள் கணினியில் வந்தால் சந்தேகம். தேர்தல் முடிவுகளைத் தொலைக்காட்சியில் எண்ணெண்ணாகக் காட்டினால், எந்த வரியை யார் சேர்த்தார்கள் என்று யோசிப்பேன். அரசாங்கம் எல்லாவற்றையும் இணையத்தில் போடுகிறது, இனி ஒளிவுமறைவு இல்லை என்று ஆட்கள் சொல்லும்போது, முதல் குலுக்கலின் முடிவுத் தாள் ஞாபகம் வரும். அது கோவில் பலகையில் மழையில் கரையும்வரை ஒட்டியிருந்தது. அவளைக் காப்பாற்றக்கூடிய எண் அதன் உச்சியிலேயே எல்லோர் கண்ணுக்கும் முன்னால் இருந்தது. அது எதற்கான எண் என்று தெரிந்தவன் பதுளையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தான். காட்டிவிட்டால் தெரிந்துவிடும் என்று யாராவது சொன்னால் நான் நம்புவதில்லை.

போர் முடிந்த பிறகு ஒருநாள், தாய்க்குச் சுகமில்லாமல் அவள் ஊருக்கு வந்திருப்பதாகக் கடைக்காரர் சொன்னார். முதலாவது நிரலையும் இரண்டாவதையும் அச்சிட்டு எடுத்துக்கொண்டு ரயில் ஏறினேன். என் மனைவி அப்போது உயிரோடு இல்லை. ஒருவேளை இருந்திருந்தால் இன்னும் முன்னரே அனுப்பியிருப்பாள்.

கீழ் லயத்தின் முன் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடங்களை வரிசையாக வைத்திருந்தார்கள். அவள் வாசலில் நின்றாள். “வாங்க சேர்” என்றாள். உள்ளே வரச் சொல்லவில்லை. தாளைக் கொடுத்தேன். முன்பு போலவே விரலை வைத்து மேலிருந்து கீழே வாசித்துக்கொண்டு வந்தாள். விரல் இரண்டாவது நிரலின் அந்த வரியில் நின்றது.

“இருக்கும்னு தெரியும் சேர்” என்றாள். “எங்க இருக்கும்னுதான் தெரியாது.”

“பிழை செய்திட்டன் பிள்ளை.”

அவள் தாளை மடித்து என்னிடமே நீட்டினாள். “இத எங்கிட்ட குடுத்து என்ன சேர் பண்றது? எனக்குத்தான் தெரியுமே. அந்தா நிக்கிறாங்க பாருங்க, அவங்ககிட்ட சொல்லுங்க.”

குழாயடிக்குப் போனேன். புது வீட்டுக்குப் போனவர்களும் தண்ணீருக்கு அங்கேதான் வர வேண்டியிருந்தது. மேல் லயத்துக்காரி தன் குடத்தைக் குழாயின் கீழ் வைத்துக்கொண்டிருந்தாள். என் பாடசாலைக் குரல் வரவில்லை. முதல் குலுக்கலில் ஒரு களவும் இல்லை என்றும், இரண்டாவதில் களவு செய்தவன் நான்தான் என்றும் சொன்னேன்.

மேல் லயத்துக்காரி கேட்டாள்: “யாரு சேர் ஒங்கள அனுப்புனது? எலக்ஷன் ஏதும் வருதா?”

“ஆரும் அனுப்பேல்லை.”

“அப்ப எங்க வீட்டப் புடுங்கப் போறாங்களா?”

“இல்லை.” அதை எந்த உரிமையில் சொன்னேன் என்று தெரியவில்லை.

“அன்னைக்கும் ஒங்க வாயாலதான் சொன்னீங்க, விஞ்ஞானத்த நம்புங்கன்னு. இன்னைக்கும் ஒங்க வாயாலதான் சொல்றீங்க. இது மட்டும் நெசமுன்னு நாங்க எப்படி நம்புறது?”

வாசலைப் பார்த்தேன். அவள் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் போய்த் தாளை மறுபடியும் நீட்டினேன். “என்னை நம்பமாட்டினம். நீர் வாசியும்.”

அவள் உடனே வாங்கவில்லை. பிறகு வாங்கிக்கொண்டு குழாயடிக்கு வந்தாள். மேல் லயத்துக்காரியின் குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. குடத்துக்காரியே குழாயை மூடினாள், சத்தம் இல்லாமல் கேட்க வேண்டும் என்பதற்காக. பிள்ளை முதல் வரியிலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு வரியையும் இங்கிலீஷில் வாசித்து, பிறகு லயத்துத் தமிழில் சொன்னாள். இது பேருங்கள எடுக்கிறது. இது கடிகாரத்தப் பாக்கிறது. இது ஒட்டி வந்தாத் தள்ளி விடுறது. தாயின் வரி வந்தபோது அவள் நிற்பாள் என்று எதிர்பார்த்தேன். நிற்கவில்லை. மற்ற வரிகளைப் போலவே அதையும் வாசித்து, “இந்த நம்பர் வந்தா விட்டுடு, அடுத்தத எடு” என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனாள்.

“இரு, இரு” என்றாள் மேல் லயத்துக்காரி. “அந்த வரிய இன்னொருக்கா வாசி.”